பழைய முன்னேற்ற சீசனையும் நடப்பு சீசனையும் ஒப்பிடுவது எப்படி: லீட்ஸ் யுனைடெட் தரும் பாடம்

தம் அணி மேல் பிரிவுக்கு ஏறிய சீசனை எந்தக் கால்பந்து ரசிகரும் மறப்பதில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே அணி மீண்டும் பட்டியலின் உச்சிக்கு அருகில் நிற்கும்போது, அந்த ஆண்டு இதே கட்டத்தில் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வி தானாக எழுகிறது. அதற்கு நினைவிலிருந்து பதில் சொன்னால் அது பெரும்பாலும் தவறாகவே இருக்கும். வெற்றியில் முடிந்த சீசனின் மோசமான மாதங்களை மனம் எளிதாக மறந்துவிடுவதும், கண்முன் நடக்கும் சீசனின் ஒவ்வொரு தோல்வியும் பெரிதாகத் தெரிவதும் இதற்குக் காரணம். ஒரு எக்செல் தாளும், இரண்டு சீசன்களின் முழு ஆட்ட முடிவுகளும், ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் இந்த ஒப்பீட்டை நேர்மையாகச் செய்துவிடலாம். எப்படிச் செய்வது என்பதை இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அணியைக் கொண்டு விளக்குகிறேன். அதன் 2019-20, 2023-24, 2024-25 ஆகிய மூன்று சீசன்களும் ஒன்றுக்கொன்று தரும் முரண் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

முதலில் போட்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக்கிற்கு அடுத்த நிலையிலுள்ள சாம்பியன்ஷிப் பிரிவில் 24 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேரடியாக மேலே செல்கின்றன. இங்கே பேசப்படும் சீசன்களில் மூன்று முதல் ஆறாம் இடம் வரை முடித்தவை பிளே-ஆஃப் ஆடி, அவற்றில் ஒன்று மட்டும் முன்னேறியது.

ஒப்பீட்டின் அச்சாகத் தேதியை ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ள வேண்டும். 2019-20 சீசன் கொரோனா பரவலால் மார்ச் மாதத்தில் 37 ஆட்டங்களோடு நின்று, ஜூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், அந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தோடு வேறு எந்த ஏப்ரலையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இது அசாதாரணமான ஆண்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கோப்பை ஆட்டங்களாலும் மழையாலும் தள்ளிவைக்கப்படும் ஆட்டங்கள் எல்லா ஆண்டிலும் உண்டு. ஆகவே தாளின் முதல் பத்தியில் (நெடுவரிசையில்) 1 முதல் 46 வரை எண்களை எழுதி, ஒவ்வொரு சீசனுக்கும் அந்தந்த ஆட்டத்தின் முடிவில் சேர்ந்திருந்த மொத்தப் புள்ளிகளை எதிரே நிரப்புங்கள்.

இப்படி நிரப்பினால் லீட்ஸ் அணியின் கணக்கு வியப்பைத் தருகிறது. மார்செலோ பியெல்சாவின் பயிற்சியில் பட்டம் வென்று, 16 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீக்கிற்குத் திரும்பிய 2019-20 அணி, 40 ஆட்டங்கள் முடிந்தபோது 75 புள்ளிகளே வைத்திருந்தது. டேனியல் ஃபார்க்கவின் 2023-24 அணியோ அதே 40 ஆட்டங்களில் 86 புள்ளிகள் எடுத்திருந்தது. அதாவது, பட்டம் வென்ற அணியைவிட 11 புள்ளிகள் முன்னால் இருந்த அணிதான் இறுதியில் மூன்றாம் இடத்தில் முடிந்து, பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் சவுத்தாம்ப்டனிடம் 0-1 என்று தோற்று, அதே பிரிவில் தங்கிவிட்டது.

இங்கேதான் பெரும்பாலான ஒப்பீடுகள் தவறுகின்றன. சொந்த அணியின் இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்துவிட்டு, நாம் முன்னால் இருக்கிறோம் என்று மகிழ்ந்து நின்றுவிடுகிறோம். போட்டி அணிகளின் புள்ளிகளையும் அதே ஆட்ட எண்ணில் எழுதினால்தான் படம் முழுமையாகும். 2019-20இல் 40 ஆட்டங்களின் முடிவில் லீட்ஸ் 75, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 74, பிரென்ட்ஃபோர்ட் 69. மூன்றாம் இடத்திலிருந்து ஆறு புள்ளி இடைவெளி. 2023-24இல் அதே கட்டத்தில் லெஸ்டர் சிட்டி 88, இப்ஸ்விச் டவுன் 87, லீட்ஸ் 86. ஏப்ரல் 1 அன்று ஹல் சிட்டியை வென்ற இரவில், லெஸ்டர் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்ததால், பட்டியலில் லீட்ஸ் இரண்டாம் இடத்தில் தெரிந்தது. ஆட்டங்களைச் சமப்படுத்திப் பார்த்தால் அது உண்மையில் மூன்றாம் இடம். 11 புள்ளிகள் கூடுதலாக இருந்தும் நிலைமை மோசம் என்பதை இந்த ஒரே வரிசை சொல்லிவிடுகிறது. உங்கள் அணி முதல் இரண்டு இடங்களில் இருந்தால் மூன்றாம் அணியிடமிருந்து எவ்வளவு தூரம் என்றும், வெளியே இருந்தால் இரண்டாம் அணியை எட்ட எவ்வளவு தூரம் என்றும் ஒரு தனிப் பத்தியில் குறித்துவாருங்கள். புள்ளிகளைவிட அந்தப் பத்தியையே நான் அதிகம் நம்புவேன்.

முன்னேறுவதற்குத் தேவையான புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இதற்குக் காரணம். 2012-13இல் ஹல் சிட்டி 79 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்று மேலே சென்றது. 2019-20இல் வெஸ்ட் பிராம்விச்சுக்கு 83 போதுமாக இருந்தது. 2023-24இல் இரண்டாம் இடம் பிடித்த இப்ஸ்விச் 96 புள்ளிகள் எடுத்தது. அடுத்த ஆண்டு பர்ன்லி 100 எடுத்தும் அதற்கு இரண்டாம் இடமே கிடைத்தது. லீட்ஸ் 2023-24இல் எடுத்த 90 புள்ளிகளை 2019-20 பட்டியலில் வைத்துப் பார்த்தால், ஏழு புள்ளி முன்னிலையோடு பட்டமே வென்றிருக்கும். ஆகவே பழைய சீசனின் மொத்தத்தை இலக்காக எழுதிவைத்துக்கொண்டு அதை எட்டினால் போதும் என்று நினைப்பது தவறான நம்பிக்கையையே தரும். புள்ளிக் குறைப்புத் தண்டனைகளையும் கவனிக்க வேண்டும்: 2024-25 பட்டியலில் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பெயருக்கு எதிரே 90 என்று இருந்தாலும், களத்தில் அது ஈட்டியது 92.

அடுத்ததாக, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பிடும் முறை. எத்தனையாவது ஆட்டம் என்பதை விட்டுவிட்டு, யாரோடு எந்த மைதானத்தில் என்பதை எடுத்துக்கொள்வதால், ஆட்ட அட்டவணை ஓர் ஆண்டு எளிதாகவும் மற்றோர் ஆண்டு கடினமாகவும் தொடங்கும் சிக்கல் இதில் நீங்கிவிடுகிறது. 2019-20இலும் 2023-24இலும் லீட்ஸ் சந்தித்த 23 எதிரணிகளில் 14 அணிகள் பொதுவானவை. சொந்த மைதானத்திலும் வெளியிலுமாக 28 ஆட்டங்களை நேருக்கு நேர் வைக்கலாம். மீதமுள்ள ஒன்பது எதிரணிகளுக்குச் சிலர், இறுதி இடத்தை வைத்து ஓர் இணையைத் தேடிப் பொருத்துவார்கள். என் கருத்தில் அதைத் தனிக் கணக்காக வைப்பதே நல்லது. ஏனெனில் 2023-24இல் புதிதாக வந்திருந்த ஒன்பதில் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்றும் முதல் நான்கு இடங்களுக்குள் முடிந்தவை. அவற்றுக்கு 2019-20இல் சமமான எதிரணிகள் இருந்தன என்று சொல்லவே முடியாது.

இந்த முறையின் பயன், நம் மனம் பெரிதாக எண்ணிய தோல்வியையும் சிறிதாக எண்ணிய தோல்வியையும் சரியான அளவில் காட்டுவதுதான். 2024 ஏப்ரல் 26 அன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மைதானத்தில் லீட்ஸ் 0-4 என்று தோற்றது. அந்த இரவே லெஸ்டரின் முன்னேற்றம் உறுதியானது. லீட்ஸ் ரசிகர்களுக்கு அந்தச் சீசன் என்றாலே அந்த இரவுதான் நினைவுக்கு வரும். ஆனால் 2020 ஜனவரியில் பட்டம் வென்ற அணியும் அதே மைதானத்தில் 0-1 என்று தோற்றிருந்தது. புள்ளிக் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அந்த 0-4 தோல்விக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, 2024 ஏப்ரல் 13 அன்று, சொந்த மைதானமான எல்லண்ட் ரோடில் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் 0-1 என்று தோற்ற ஆட்டம்தான் ஒப்பீட்டில் மூன்று புள்ளிகளைப் பறித்தது, ஏனெனில் 2019-20இல் அதே ஆட்டத்தை லீட்ஸ் 2-1 என்று வென்றிருந்தது.

அணியின் நடப்பு நிலையைக் கணிக்கக் கடைசி ஐந்து ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைப் பழைய சீசன் மீதும் செலுத்திப் பாருங்கள். 2019 டிசம்பர் நடுவிலிருந்து 2020 பிப்ரவரி நடுவரை 11 ஆட்டங்களில் லீட்ஸ் வென்றவை இரண்டே. ஈட்டியது 10 புள்ளிகள். அந்த நாட்களில் யாராவது அணியை மதிப்பிட்டிருந்தால், முன்னேற்றம் கைநழுவிவிட்டது என்றே எழுதியிருப்பார்கள். அதன் பின் ஒரு கோலும் வாங்காமல் ஐந்து வெற்றிகள் தொடர்ந்து வந்தன. எனவே பத்து ஆட்டங்களுக்குக் குறையாத தொகுதிகளாகப் பிரித்து, பழைய சீசனின் மிக மோசமான தொகுதியையும் நடப்பு சீசனின் மிக மோசமான தொகுதியையும் இணையாக வைப்பது நியாயமானது. நடப்புத் தொய்வு பழைய தொய்வின் அளவுக்குள் இருந்தால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

ஆனால் கடைசி ஆறு ஆட்டங்களுக்கு மட்டும் தனிக் கவனம் தர வேண்டும். 2019-20 அணி கடைசி ஆறையும் வென்று 75இலிருந்து 93க்குச் சென்றது. 2023-24 அணி அதே ஆறில் நான்கே புள்ளிகள் எடுத்தது. 2024-25 அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களைச் சமன் செய்து, 40 ஆட்டங்களில் 82 புள்ளிகளோடு, அதாவது முந்தைய ஆண்டைவிட நான்கு குறைவாக நின்றது. ரசிகர்கள் பழையது திரும்புகிறதோ என்று அஞ்சிய அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஆறையும் வென்று 100 புள்ளிகளோடு பட்டம் பெற்றது. 40ஆவது ஆட்டத்தில் நின்றுகொண்டு புள்ளிகளை மட்டும் வைத்து இந்த மூன்றில் எது முன்னேறும் என்று கேட்டிருந்தால், தவறான சீசனையே எல்லோரும் சுட்டியிருப்பார்கள்.

கோல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வித்தியாசத்தை மட்டும் எழுதாமல் அடித்தவற்றையும் வாங்கியவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். பர்ன்லி இதற்கு மிகச் சிறந்த சான்று. வின்சென்ட் கொம்பனியின் 2022-23 அணி 87 கோல்கள் அடித்து 35 வாங்கி 101 புள்ளிகள் எடுத்தது. ஸ்காட் பார்க்கரின் 2024-25 அணி 69 மட்டுமே அடித்து, 46 ஆட்டங்களில் வெறும் 16 வாங்கி, 100 புள்ளிகள் எடுத்தது. வித்தியாசம் முதலாவதில் 52, இரண்டாவதில் 53. அந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ஒரே மாதிரியான அணிகள் என்று நினைப்பார். களத்திலோ அவை முற்றிலும் வேறானவை.

சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரிக்கும்போது, 2019-20இன் கடைசி ஒன்பது ஆட்டங்கள் பார்வையாளர் இன்றி நடந்தவை என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

முன்னேறிய அணி மறு ஆண்டே மேல் பிரிவில் ஆடும்போது இந்த ஒப்பீட்டை அப்படியே தொடரக் கூடாது. 101 புள்ளிகள் எடுத்த பர்ன்லி அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்கில் 24 புள்ளிகளோடு கீழிறங்கியது. 93 எடுத்த லீட்ஸ் அடுத்த ஆண்டு 59 எடுத்து ஒன்பதாம் இடம் பெற்றது. பிரீமியர் லீக்கில் ஆட்டங்களும் 38 மட்டுமே. அங்கே தாளைப் புதிதாகத் தொடங்கி, இரண்டாம் இடத்துக்கான தூரம் இருந்த பத்தியில், தரமிறக்கக் கோட்டுக்கு மேல் எத்தனை புள்ளி என்பதை எழுதிவாருங்கள்.