நிறையும் எடையும்: பிரித்தறிந்து அளக்கும் முறை

ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவே நிறை என்ற வரையறையை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, எடை என்ற சொல் வந்ததும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே வரையறையை ஒதுக்கிவைத்துவிட்டு, கையால் உணரக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி, தரையில் படாதபடி தொங்கவிடுங்கள். வெறும் வாளியை விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அது சட்டென்று நகரும். பிறகு வாளி நிறைய மணலைக் கொட்டி, அதே அளவு தள்ளிப் பாருங்கள். வாளி தயங்கித் தயங்கித்தான் நகரும். நகர்ந்த பிறகு அதை நிறுத்துவதற்கும் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். இங்கே வாளியை நீங்கள் தூக்கவில்லை, அதன் எடை முழுவதையும் கயிறுதான் தாங்குகிறது. அப்படியிருந்தும் விரலில் உணரப்படும் அந்த எதிர்ப்பே நிலைமம், அதன் அளவே நிறை.

இந்தத் தொடர்பைத்தான் நியூட்டனின் இரண்டாம் விதி கணக்காகச் சொல்கிறது: விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் (வேகம் மாறும் வீதத்தையும்) பெருக்கினால் கிடைப்பது. 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டுவதற்குத் தேவையான விசை 1 நியூட்டன்.

எடையும் ஒரு விசையே. பொருளைப் புவி தன்னை நோக்கி இழுக்கும் விசை. எனவே அதன் அலகு கிலோகிராம் அன்று, நியூட்டன். கிலோகிராமில் உள்ள நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் பெருக்கினால் எடை கிடைத்துவிடும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை புவியில் 588 நியூட்டன். நிலவில் அந்த முடுக்கம் ஏறத்தாழ 1.62 என்பதால் அங்கே 97 நியூட்டன்தான். நிறை இரண்டு இடங்களிலும் அதே 60 கிலோகிராம்.

கருவியின் வகையையும் கவனியுங்கள். இருதட்டுத் தராசில் இரு பக்கமும் ஒரே ஈர்ப்புக்கு உட்படுவதால், அது புவியிலோ நிலவிலோ எங்கு வைத்தாலும் நிறையையே ஒப்பிடும். வில் தராசும் மின்னணுத் தராசும் உண்மையில் விசையை உணர்ந்து, அதைக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகின்றன. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83 என்று வேறுபடுவதால், துல்லியமான மின்னணுத் தராசுகளை அவை பயன்படும் இடத்திலேயே, நிறை தெரிந்த படிக்கல்லைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விண்வெளி நிலையத்தில் பொருள்கள் தட்டை அழுத்தாமல் மிதப்பதால் தராசே வேலை செய்யாது. அங்கே விண்வெளி வீரரை வில் விசையால் இயக்கி, அவர் எவ்வளவு மெதுவாக முடுக்கம் பெறுகிறார் என்பதிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். வாளிச் சோதனையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்று குறிப்பதை இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்கின்றன. அங்கே நிறை என்றால் எடை. எந்த நாட்டு நூலைப் படிக்கிறீர்கள் என்று பாராமல் சூத்திரத்தைக் கையாண்டால் விடை தவறிவிடும். ஐயம் எழும்போது அலகைப் பாருங்கள். கிலோகிராம், நியூட்டன் என்ற அலகுகள் இரு நாட்டு நூல்களிலும் மாறுவதில்லை.

நிறையை அளக்கத் தெரிந்தால் அடர்த்தியையும் அளந்துவிடலாம். அடர்த்தி என்பது ஓரலகு பருமனில் (பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவில்) எவ்வளவு நிறை உள்ளது என்பதாகும். அதை அளக்க ஒரு சிறு கல் போதும். முதலில் தராசில் அதன் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். 135 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அளவுசாடியில் 200 மில்லிலிட்டர் வரை நீர் ஊற்றி, நூலில் கட்டிய கல்லை முழுவதும் மூழ்கும்படி மெதுவாக இறக்குங்கள். நீர்மட்டம் 250 ஆக உயர்ந்தால் கல்லின் பருமன் 50 கன சென்டிமீட்டர். 135ஐ 50 ஆல் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 கிராம் என்பதால் கல் மூழ்குகிறது. பனிக்கட்டிக்கு அது 0.92 என்பதால் மிதக்கிறது.

அளவைப் படிக்கும்போது கண்ணை நீர்மட்டத்திற்கு நேராக வைத்து, நீர்ப்பரப்பில் தெரியும் வளைவின் அடிப்பகுதியையே கணக்கில் எடுக்க வேண்டும். கல்லில் காற்றுக்குமிழ்கள் ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டி அவற்றை உதிர்த்துவிடுங்கள். இல்லையேல் பருமன் கூடுதலாகவும் அடர்த்தி குறைவாகவும் வரும்.