கமுகம்பாளையில் சறுக்கியவன் எழுதும் ஸ்னோபோர்டு பாடம்

குலசேகரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தை மாதம் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். தோட்டத்துச் சரிவு முழுக்கச் சருகு. அதில் கமுகம்பாளையைப் போட்டு உட்கார்ந்து, பின்னால் ஒருவன் தள்ளிவிட்டால் கீழே ஓடை வரைக்கும் ஒரே சறுக்கல். நிறுத்த வழி கிடையாது, மரம் ஏதாவது குறுக்கே வந்தால்தான் உண்டு.

ஸ்னோபோர்டு என்பது இரண்டு காலையும் மாட்டி நின்று பனியில் சறுக்கி இறங்குகிற பலகை. அதிலும் என் முதல் இரண்டு நாள் அப்படித்தான் போனது. மூன்று குளிர்காலம் காஷ்மீரின் குல்மார்க் போய் விழுந்து எழுந்து பழகியதை இங்கே எழுதுகிறேன். கனடாவில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பலகைதான் என்னுடையது. ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் வகை. நாகர்கோவிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆறு மாதம் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அம்மா அதைத் துணி தேய்க்கும் பலகை என்றே நினைத்தாள்.

பலகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்க விறைப்பான பலகை உண்டு. பனியில் மேடும் தடையும் கட்டிவைத்த 'பார்க்'கில் குதித்து விளையாட மெத்தென்று வளைகிற பலகை உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல். விறைப்பை 1 முதல் 10 வரை எண் போட்டுச் சொல்வார்கள். இந்த வகை பெரும்பாலும் 4க்கும் 6க்கும் இடையில் இருக்கும். என்னுடையது 5, நீளம் 154 செ.மீ., என் எடை 70 கிலோ. நிமிர்த்தி வைத்தால் தாடை வரை வர வேண்டும் என்று அளந்து காட்டுபவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் எடைக்கு என்ன நீளம் போட்டிருக்கிறதோ அதை எடுங்கள். பாதம் பெரியதென்றால் 'வைடு' பலகை கேளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது பூட்ஸின் முனை பனியில் இழுபடும்.

தரையில் வைத்துக் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி வில் மாதிரி மேலே எழும்பி நின்றால் கேம்பர். வள்ளத்தின் அடி மாதிரி நடு தரையைத் தொட்டு, மூக்கும் (முன்முனை) வாலும் (பின்முனை) தூக்கி நின்றால் ராக்கர். கேம்பர் பனியை நன்றாகப் பிடிக்கும், தவறு செய்தால் மன்னிக்காது. ராக்கர் மன்னிக்கும், ஆனால் கெட்டிப் பனியில் வழுக்கிக்கொண்டே போகும். என்னுடையது கலப்பு. இரண்டு பாதத்துக்கும் நடுவில் கேம்பர், முனைகளில் ராக்கர். புதிதாகப் பழகுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1. எந்தக் கால் முன்னால்?

யாரையாவது எதிர்பாராமல் முதுகில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தானாக எட்டு வைக்கும் காலை முன்னால் போடலாம். தூத்தூர், இனயம் பக்கம் பந்து விளையாடுபவர்களுக்கு இன்னும் எளிது. பந்தை உதைக்கிற கால் பெரும்பாலும் பின்கால். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. இரண்டில் எதுவும் குறையில்லை.

2. பைண்டிங் மாட்டுதல் (இங்கேதான் நான் கவிழ்ந்தேன்)

பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைப்பது பைண்டிங். அதன் நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதில் நான்கு திருகாணி. வீட்டில் இருக்கிற ஸ்டார் திருப்புளியை எடுத்து முறுக்கினேன். முறுகியது, சரி என்று விட்டுவிட்டேன். குல்மார்க்கில் இரண்டாம் நாள் சரிவின் பாதியில் முன்கால் பைண்டிங் தானாகச் சுற்றிக்கொண்டது. பாதம் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். முட்டி திரும்பாமல் தப்பித்தது என் நல்ல காலம்.

காரணம் இதுதான். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 2ஆம் எண் திருப்புளி. இந்தத் திருகாணிக்கு வேண்டியது 3ஆம் எண், முனை இன்னும் தடிமன். 2ஆம் எண்ணைப் போட்டால் பிடிக்கிற மாதிரி தோன்றும், ஆனால் கடைசி அரைச் சுற்று முறுகாது. அழுத்தினால் திருகாணியின் தலை தேய்ந்துபோகும். எனக்கு நான்கில் இரண்டு தேய்ந்துவிட்டன. நாகர்கோவில் ஹார்டுவேர் கடையில் 3ஆம் எண் திருப்புளி கேட்டால் எடுத்துத் தருவார்கள், கனமான மரப்பிடி போட்டதாக வாங்குங்கள். பனியில் நிற்கும்போது கைக்குள் மடக்கி வைக்கிற குட்டிக் கருவிகள் எனக்குப் பிடிப்பதில்லை. கையுறையோடு பிடிக்க முடியாது.

நான்கையும் முதலில் விரலால் திருகுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக, கார் சக்கரத்து நட்டை முறுக்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி சரிபாருங்கள், முதல் நாள் கண்டிப்பாகத் தளரும்.

கோணம்: முன்கால் +15, பின்கால் −9 பாகை. பாதம் பலகைக்கு நேர் குறுக்கே நின்றால் 0, மூக்குப் பக்கம் திரும்பினால் +, வால் பக்கம் திரும்பினால் −. இரண்டு பாதமும் வாத்துநடை மாதிரி வெளியே பார்க்கும். +15, −15 வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் எனக்கு முட்டி வலித்தது. இடைவெளி தோளகலத்தைவிடக் கொஞ்சம் கூட.

3. பக்கவாட்டில் வழுக்குதல்

பலகையைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, குதிகால் பக்க விளிம்பில் நின்று மெல்லக் கீழே வழுக்குங்கள். கால்விரலைத் தூக்கினால் நிற்கும், தாழ்த்தினால் நகரும். அப்புறம் திரும்பி, விரல் பக்க விளிம்பில் அதையே செய்யுங்கள். ஒரு முழுக் காலை வேளை இதற்குப் போகட்டும். கீழ்ப்பக்கத்து விளிம்பு பனியைத் தொட்டதென்றால் அந்த நொடியே கடிக்கும், உங்களைத் தூக்கி அடிக்கும். ஹெல்மெட் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். விழும்போது கையை விரித்து ஊன்றவும் வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். முஷ்டியை மடக்கிக்கொள்ளுங்கள்.

4. திருப்பம்

இதற்கு மட்டும் எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற வேண்டும் என்றால், நடுவில் பலகை நேராகக் கீழே பார்க்கும் ஒரு கணம் வரும். பயம் அங்கேதான். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், எடை பின்காலுக்குப் போகும், முன்பக்க விளிம்பின் பிடி விட்டுப்போகும். அப்புறம் பலகை திரும்பாது, நேராக வேகம் பிடிக்கும். கமுகம்பாளை கணக்கு.

செய்ய வேண்டியது நேர் எதிர். கீழே போக விருப்பமில்லாத அந்த நேரத்தில்தான் எடையை முன்காலில் போட வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பை முன்பாதத்துக்கு மேல் கொண்டுவாருங்கள். குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு மாறுகிறீர்கள் என்றால், முதலில் முன்காலின் விரல்களை மட்டும் அழுத்துங்கள், பின்கால் இன்னும் குதிகாலிலேயே இருக்கட்டும். ஈரத் துண்டைப் பிழிவது போலப் பலகை நீளவாக்கில் முறுகும். நடுத்தர விறைப்புள்ள இந்த வகைக்கு இது எளிது. முறுகியதும் மூக்கு தானாகக் கீழ்நோக்கி வளையும். நேராகப் பார்த்ததும் பின்காலையும் விரலுக்கு மாற்றுங்கள். பலகை மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

என்னோடு வந்த நண்பன் கீழே நின்று கத்தியதுதான் எனக்கு உதவியது. "லேய், காலைப் பாக்காத! அந்த மரத்தைக் கைகாட்டு, அங்க போ!" முன்கையை நீட்டிப் போக வேண்டிய இடத்தைக் காட்டினால் தோள் திரும்பும், தோளோடு இடுப்பும், இடுப்போடு பலகையும். பாதத்தைப் பார்த்தால் தலை குனியும், இடுப்பு பின்னால் போகும். அன்று மதியம் முதல் தடவையாகத் தொடர்ந்து நான்கு திருப்பம் போட்டேன். ஐந்தாவதில் வால் எலும்பில் விழுந்தேன், அது வேறு விஷயம்.

எந்தப் பனியில் எப்படி ஓடும்?

இயந்திரம் வைத்துச் சமப்படுத்திய சரிவில் இந்தப் பலகை ராஜா. சின்னச் சின்னத் திருப்பம் சுறுசுறுப்பாக வரும். வேகம் கூடினால் மூக்கு படபடவென்று அடிக்கும். அது பலகையின் எல்லை, உங்கள் தவறில்லை. வேகத்தைக் குறையுங்கள்.

மதியம் இளகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் பனியில் சுமார்தான். விளிம்பு கூராக இல்லையென்றால் அதுவும் இல்லை. நான் பத்து மணிக்கு முன்னால் ஏறுவதில்லை.

புதுப்பனி குல்மார்க்கின் சொத்து. ஆனால் என்னுடையது போல இரண்டு முனையும் ஒரே வடிவில் இருக்கும் ட்வின் பலகை அங்கே கொஞ்சம் திணறும். பைண்டிங் நடுவில் இருப்பதால் மூக்கு பனிக்குள் புதையும், அதைத் தூக்கிப் பிடித்தே பின்காலின் தொடை எரியும். தீர்வு: இரண்டு பைண்டிங்கையும் ஒரு துளை வால் பக்கம் நகர்த்துங்கள். பல பலகைகளில் ஒரு துளை என்பது 2 செ.மீ., சிலவற்றில் 4. அந்த 2 செ.மீ. போதும், மூக்கு மிதக்க ஆரம்பிக்கும். திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள்.

சின்ன மேட்டில் குதிப்பதற்கு இது நல்ல துணை. வாலை அழுத்தி விட்டால் துள்ளும், கோணலாக இறங்கினாலும் சமாளிக்கும். பின்னோக்கி ஓட்டவும் வரும், இரண்டு முனையும் ஒன்றுதானே. சமதரையில் மட்டும் எந்தப் பலகையும் உதவாது. ஸ்கீயில் வருபவர்கள் கோலை ஊன்றிப் போய்விடுவார்கள், நாம் பின்காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

குல்மார்க்கில் மேலே ஏற கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டி உண்டு. அதன் முதல் கட்டம் கோங்டோரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அங்கே பனிச்சரிவு ஆபத்து உண்டு. முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம், கீழே உள்ள மெல்லிய சரிவு போதும்.

கேட்கப்பட்டவை, பிறகு சேர்த்தது

எப்படிக் கொண்டுபோனாய் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். பெயரிலேயே பனியும் கடலும் இருக்கிறது. ஜம்மு பக்கத்துக் கத்ரா வரை மூன்று இரவு. பையில் போட்ட பலகை கீழ் பெர்த்துக்கு அடியில் சாய்வாக நுழைந்துவிடும். 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. அங்கிருந்து தங்மார்க் வழியாக குல்மார்க் சுமார் 50 கி.மீ. தங்மார்க்குக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி போட்ட வண்டிதான்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது: துரு. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கூடவே உப்புக்காற்று. முதல் வருடம் ஐப்பசியில் உறையைத் திறந்தால் பலகையின் எஃகு விளிம்பு முழுக்கச் செம்மண் நிறம். நைசான உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால் போய்விடும். அடுத்த முறை தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன், எறும்பு வந்தது. குளச்சலில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு வாசகர், கிரீஸை விரல்நுனியில் எடுத்து எஃகில் மட்டும் பூசச் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடிப்பாகத்தில் பட்டால் பனியில் இழுக்கும். இப்போது நான் செய்வது இது: நீராவித் துளையில்லாத பழைய இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஸ்னோபோர்டு மெழுகை உருக்கி, அடியிலும் விளிம்பிலும் தடிமனாகப் படியவிடுகிறேன். சுரண்டுவதில்லை. மார்கழியில் பயணத்துக்கு முந்தின நாள்தான் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுக்கிறேன். மாடியில் வைத்துச் சுரண்டுங்கள், வீட்டுக்குள் என்றால் மொசைக் தரை பனியைவிட மோசமாக வழுக்கும்.