புதுக் கவசத்தையும் சப்பாத்தையும் பழசாக்குவது எப்படி?

நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ கவசம் செய்பவர்கள் மினுக்கிய வெள்ளியோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மேடையில் வந்து நிற்பவர் போரிலிருந்து திரும்பிய ஆளாகத் தெரியமாட்டார், கடையிலிருந்து வந்தவராகத்தான் தெரிவார். மட்டக்களப்பில் பாடசாலை நாடகம், குறும்படம் என்று இறங்கும் பிள்ளைகளுக்காக, இங்கே கிடைக்கும் சாமான்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். கூத்து உடுப்புக்கு இந்த வேலை பொருந்தாது. வடமோடிக் கூத்தில் வரும் அரசனின் முடியும், கரப்புடுப்பு என்னும் விரிந்த உடுப்பும், களரி என்னும் கூத்து மேடையின் வெளிச்சத்தில் மின்னத்தான் வேண்டும், அந்த அழகு வேறு. உண்மைபோலக் காட்டவேண்டிய நாடகத்துக்கும் கமராவுக்கும் மட்டும்தான் நான் சொல்வது.

படி 1: பிரஷைத் தொடமுன் யோசியுங்கள்

கண்ட இடத்தில் கறுப்பை அப்பினால் அழுக்குத் தெரியும், பழமை தெரியாது. ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும். வலக்கையால் வாள் வீசுகிற எதிரியின் வெட்டு உங்கள் ஆளின் இடப்பக்கத்தில்தான் அதிகம் விழும். ஆகவே இடது தோளிலும் இடது மார்பிலும் வெட்டுத் தழும்பு கூட இருக்கட்டும். வாளுறை இடுப்பில் உரசும் இடம் தேய்ந்திருக்கும். தோளின் மேற்பக்கம் வெயிலில் வெளிறும், அழுக்கு கீழ்விளிம்பில் சேரும்.

ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதும் முக்கியம். எழுவான்கரைக் கடற்கரையால் நடந்து வந்தவரின் சப்பாத்தில் வெளிர் மணல் மடிப்புகளில் ஒதுங்கியிருக்கும். படுவான்கரை வயலுக்குள்ளால் வந்தவருக்கு முழங்கால்வரை சேறு, காய்ந்து வெடித்த சாம்பல் நிறத்தில். இதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: சாமான்கள்

ஈவிஏ ஃபோம் ஷீட் (பழைய யோகா விரிப்பும் சரி), பைண்டர் கம், அக்ரிலிக் பெயின்ற்றில் கறுப்பு, வெள்ளி, மண்ணிறம், செம்மஞ்சள், 80ஆம் இலக்க அரத்தாள், கம்பி பிரஷ், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச், பழந்துணி, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், கறுவாத்தூள், மினுக்கம் இல்லாத வார்னிஷ். ரெஜிபோமில் (பொதி செய்ய வரும் வெள்ளைத் தெர்மோகோல்) கவசம் செய்திருந்தால் ஸ்பிரே பெயின்ற்றை நேராக அடிக்கவேண்டாம், கரைந்து குழி விழும்.

படி 3: வெட்டும் அடிநிறமும்

ஃபோமில் கூரிய பிளேட்டால் மெல்லிய கீறல்கள் போடுங்கள். ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடு காட்டினால் கீறல் தானாக வாய் திறக்கும், மேற்பரப்பின் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். ஹீட் கன் இல்லாவிட்டால் சூடாக்கிய பழைய கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கலாம். யன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

பிறகு பைண்டர் கம்மையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து மூன்று பூச்சு, அதன்மேல் முழுவதும் கறுப்பு. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயவேண்டும். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் காலத்தில் சட்டென்று காய்ந்துவிடும். மார்கழி மழையில் ஒரு இரவு விட்டுவைப்பதே நல்லது, ஈரத்தின்மேல் பூசினால் தோலாக உரிந்துவரும்.

படி 4: இரும்பு

பிரஷில் வெள்ளியைத் தொட்டு, அதைத் துணியில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் காய்ந்த பிரஷை விளிம்புகளிலும் மேடான இடங்களிலும் மெதுவாக இழுங்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்கும், மேட்டில் உலோகம் தெரியும். தொடக்கக்காரர் எல்லோரும் பெயின்ற்றை அளவுக்கு மேல் எடுப்பதால்தான் இது பிழையாகிறது. பிரஷ் வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு.

பிறகு ஒரு பங்கு கறுப்புக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். இதைத் தாராளமாகப் பூசி, ஒரு நிமிடத்துக்குள் துணியால் ஒற்றி எடுங்கள். கீறல்களுக்குள் மட்டும் கருமை தங்கிவிடும்.

துருவைப் படிக்க மட்டக்களப்பின் கல்லடிக்குப் போங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் நின்று, உப்புக்காற்று இரும்பை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். ஆணித்தலையின் கீழ்ப்பக்கம், தகடும் தகடும் சேரும் இடுக்கு, மழைத்தண்ணீர் தேங்கும் மூலை. உங்கள் கவசத்திலும் அங்கேதான் துரு வரவேண்டும், நடு மார்பில் அல்ல. கடும் மண்ணிறத்தை ஸ்பொஞ்சால் தொட்டுத்தொட்டு வையுங்கள். அதற்குள், அதைவிடச் சிறிய இடத்தில், செம்மஞ்சள். சொரசொரப்பு வேண்டுமானால் ஈரமான கம்மின்மேல் கறுவாத்தூளைத் தூவுங்கள், நிறமும் தானாகவே பொருந்தும். கடைசியில் ஈரப் பிரஷால் ஆணியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால் மழையில் வழிந்த துரு. பித்தளைக் கவசம் என்றால் துரு கிடையாது. இடுக்குகளில் பச்சை கலந்த நீலம் வையுங்கள்.

படி 5: சப்பாத்து

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பார்ப்பவர் கண் முகத்திலிருந்து இறங்கி நேரே காலுக்குத்தான் போகும். புதுச் சப்பாத்து முழு வேஷத்தையும் கெடுத்துவிடும்.

முதலில் அது தோலா ரெக்சினா (செயற்கைத் தோல்) என்று உட்புறத்தில் பாருங்கள். தோலை அரத்தாளால் உரசினால் மென்மையான பஞ்சுபோல வெளிறி வரும். ரெக்சின் மேல்படை கழன்று வெள்ளை நூல் தெரியும், அது உடனே பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே ரெக்சினை அதிகம் உரசாமல், நிறத்தால் மட்டும் பழசாக்குங்கள்.

தோல் சப்பாத்து என்றால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் பொலிஷை முழுதாகத் துடைத்தெடுங்கள். விரல்கள் மடியும் இடத்தையும் கணுக்காலையும் ஸ்பிரிட்டால் நனைத்து, போட்டுக்கொண்டு படியேறி இறங்குங்கள், குந்தி எழும்புங்கள். காயும்போது மடிப்பு நிலைத்துவிடும். நெருப்புக்குக் கிட்டப் போகவேண்டாம்.

இனி அரத்தாள். பெருவிரல் முனை, உட்கணு, குதியின் வெளிப்பின் விளிம்பு. பெரும்பாலானோர் நடக்கும்போது அந்த விளிம்புதான் முதலில் நிலத்தில் படும், அதனால் ஒரு அரத்தால் அதைச் சற்றுச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். இரண்டு சப்பாத்தும் ஒரே மாதிரித் தேயக்கூடாது. அடுத்து மண்ணிறமும் கறுப்பும் கலந்த தண்ணீர்ப் பெயின்ற்றைப் பூசித் துடையுங்கள். தையல் வரியிலும் மடிப்பிலும் அது தங்கும். கயிற்றைக் கடுஞ்சாயத் தேநீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள்.

படி 6: சேறு

உண்மையான வயற்சேற்றைப் பூசவேண்டாம். காய்ந்ததும் உதிரும், மணக்கும், எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. பைண்டர் கம்மில் மண்ணிறப் பெயின்ற்றும் மெல்லிய மரத்தூளும் கலந்தால் நல்ல சேறு. பழைய பற்பிரஷை அதில் தொட்டு, கீழிருந்து மேலாகத் தெறிக்கவிடுங்கள், நடக்கும்போது சேறு அப்படித்தான் தெறிக்கும். அடியில் தடிப்பாக, மேலே போகப்போகச் சிறு புள்ளியாக.

படி 7: தூரத்திலிருந்து பாருங்கள்

மேடைக்கு என்றால் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று பாருங்கள். நுண்ணிய கீறல்கள் அங்கே தெரியாது, நிற வேறுபாட்டைக் கூட்டவேண்டும். கமராவுக்கு என்றால் மறுபக்கம்: தொலைபேசியில் கிட்டவாகப் படமெடுத்து, பெயின்ற்றாகத் தெரியும் இடங்களைத் துணியால் குறையுங்கள்.

கவசத்துக்கும் சப்பாத்துக்கும் ஒரே தூசி நிறத்தை மெல்லியதாகப் பூசினால்தான் இரண்டும் ஒரே ஆளுடையது என்று தெரியும். அதன்மேல் மினுக்கமில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு. ஒத்திகையில் போட்டு ஆடவிட்டு, முழங்கையிலும் இடுப்பிலும் பெயின்ற் எங்கே உரிகிறது என்று பாருங்கள். அடியில் கறுப்புத் தெரிந்தால் தொடாமல் அப்படியே விடுங்கள். ஃபோம் வெறுமையாகத் தெரிந்தால் மட்டும் கறுப்பை வைத்து மூடிவிட்டு, வெள்ளியைக் காய்ந்த பிரஷால் மறுபடி தொடுங்கள்.