மூடுபனி, மழை, இடி: ஏற்காட்டில் கோல்ஃப் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கோல்ஃப் பையைக் காரில் போட்டுக்கொண்டு மலையேறிவிடுவது எங்கள் நால்வருக்கும் வழக்கம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்தில், மாடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்சரிவைச் சீர்படுத்தி மூன்று குழிகள் வெட்டி வைத்திருக்கிறோம். முறையான மைதானத்தில் ஆட ஆசைப்பட்டால் கோவைக்கோ, ஊட்டிக்கோ, 1895ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கோ போவோம். ஆனால் வானிலை கெட்டால் எப்படி ஆட வேண்டும், எப்போது ஆடக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுத்தது இந்த மூன்று குழிகள்தான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரே பிற்பகலில் வெயிலும் காற்றும் மூடுபனியும் மழையும் வந்து போகும். அதில் நாங்களும் எங்களோடு ஆட வந்தவர்களும் செய்த தவறுகளை நினைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். வானிலை மாறியதும் கணக்கை மாற்றுவதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டுகிறோம். எதிர்க்காற்று என்றால் ஓங்கி அடிக்கிறோம். கிரிப் (மட்டையின் கைப்பிடி) வழுக்கினால் இறுக்கிப் பிடிக்கிறோம். இடி கேட்டால் சீக்கிரம் ஆடி முடிக்கப் பார்க்கிறோம். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இந்தக் கடைசித் தவறை முதலில் சொல்கிறேன்.

"இன்னும் ஒரு குழிதானே"

கோடை மழை இங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இரண்டு மணி வரை வெயில் கொளுத்தும். திடீரெனக் காற்று குளிரும், இலைகள் புரளும், மேற்கே மேகம் கறுக்கும். ஒரு மே மாதம் நாங்கள் இரண்டாவது குழியை முடித்தபோது தூரத்தில் இடி உருண்டது. மழை இன்னும் விழவில்லை. "இன்னும் ஒரு குழிதானே" என்று ஆடினோம். தூறல் தொடங்கியதும் காபிச் செடிகளுக்கு நிழலுக்காக வளர்த்திருக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஒதுங்கினோம். தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தூரத்திலிருந்து, "ஏனுங்க சார், மரத்தடியில நிக்காதீங்க, ஓடியாங்க" என்று கத்தினார். அவர் பேச்சைக் கேட்டு பங்களாவுக்கு ஓடினோம். அன்று அந்த மரங்களில் இடி விழவில்லை. விழாததால் நாங்கள் செய்தது சரியாகிவிடாது.

இதில் பல தவறுகள் அடங்கியிருக்கின்றன. மழை வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பது ஒன்று. மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி, மழையே இல்லாத இடத்திலும் மின்னல் விழும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை வினாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால், அந்தக் கணமே மட்டையை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பி வரக் கூடாது. மழை விட்டுவிட்டதே என்று பத்து நிமிடத்தில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மின்னலே கண்ணில் படாமல் இடி மட்டும் கேட்டாலும், பனி மூடிய மலையில் அது போதிய எச்சரிக்கை.

அடுத்தது, எங்கே ஒதுங்குவது. உயர்ந்த மரம், நான்கு கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை, குடை, இவை எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ காப்பாற்றும் என்பதும் தவறான நம்பிக்கை. சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய, உலோகக் கூரை உள்ள கார். இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டால் மட்டும் போதாது என்பதற்குக் கோல்ஃப் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1975ல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓப்பனில் ஆட்டம் நின்றிருந்த நேரத்தில், மைதானத்திலேயே காத்திருந்த ஆட்டக்காரர்கள் லீ டிரெவினோவையும் ஜெர்ரி ஹெர்டையும் மின்னல் தாக்கியது. அதே நாளில் பாபி நிக்கோல்ஸும் தாக்கப்பட்டார். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் டிரெவினோவுக்குப் பின்னர் முதுகில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1991 அமெரிக்க ஓப்பனில் மரத்தடியில் ஒதுங்கிய பார்வையாளர்களில் ஒருவர் இறந்தே போனார்.

போட்டியில் பாதியில் நின்றால் தண்டனை கிடைக்குமோ என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. கிடைக்காது. மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் ஆட்டக்காரர் தானாகவே ஆட்டத்தை நிறுத்தலாம் என்று கோல்ஃப் விதி 5.7 சொல்கிறது. சைரன் நீளமாக ஒரே முறை ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும், தொடங்கிய குழியை முடிக்கவும் அனுமதி இல்லை. அதற்குப் பிறகும் அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம்.

மழையில்: கையும் பந்தும்

இடி இல்லாத வெறும் மழையில் தாராளமாக ஆடலாம். நான் விரும்பி ஆடுவதே அப்போதுதான், ஏற்காட்டுத் தூறலில் புல் மணக்கும். இங்கே நடக்கும் முதல் தவறு, கிரிப் நனைந்ததும் அதை நெரிப்பது. முன்னங்கை இறுகிவிட்டால் மட்டையின் முகம் நேரத்துக்குத் திரும்பாது, வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் ஓடும். செய்ய வேண்டியது கிரிப்பை உலர்வாக வைத்திருப்பதுதான். துண்டு இரண்டு வேண்டும். ஒன்று பைக்கு வெளியே, மட்டை முகத்தையும் பந்தையும் துடைக்க. இன்னொன்றைக் குடைக்குள் கம்பியில் தொங்கவிட்டு, கைக்கும் கிரிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் கையுறை நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மழைக்கென்று துணியில் செய்த கையுறை நனைய நனையப் பிடிக்கும். அது இல்லாவிட்டால் இரண்டு மூன்று தோல் கையுறைகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

குடை விஷயத்தில் ஒரு விதி பலருக்கும் தெரியாது. அடிக்கும்போது, பை தூக்கி வரும் கேடியோ நண்பரோ உங்களுக்குக் குடை பிடிக்கக் கூடாது. உங்கள் குடையை நீங்களே ஒரு கையில் பிடித்துக்கொண்டு புட் செய்தால் (பந்தைக் குழியை நோக்கி உருட்டித் தட்டினால்) தப்பில்லை.

ஈரப் புல்லில் பந்து எப்போதும் குறைவாகத்தான் போகும் என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் நீரும் புல்லும் மாட்டினால் பந்து சுழல்வது குறையும். அப்படிப்பட்ட பந்து எதிர்பார்த்ததை விட அதிகம் பறந்து, விழுந்த இடத்திலும் நிற்காமல் ஓடும். புல் அடர்த்தியாகவும் உயரமாகவும் இருந்தால் நேர்மாறு, மட்டையே மாட்டிக்கொள்ளும். அங்கே வீரம் காட்டாமல், சாய்வு அதிகமுள்ள மட்டையால் பந்தை வெளியே எடுத்துப் போட்டாலே போதும். கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நனைந்திருந்தால் புட் மெதுவாக ஓடும், வளைவதும் குறையும். கொஞ்சம் நேராக, கொஞ்சம் தைரியமாகத் தட்டுங்கள்.

ஏற்காட்டுச் செம்மண் பந்தில் ஒட்டினால் லேசில் விடாது. ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகும் வழியில் உள்ள வெட்டிய புல்தரையில், அதைத் துடைக்க அனுமதி இல்லை, அதற்கென்று உள்ளூர் விதி போட்டிருந்தால் தவிர. மண் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் பந்து வலப்பக்கமும், வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கமும் விலகும் என்று வைத்துக் குறி பாருங்கள். ஆனால் உரிமை இருக்கும் இடத்தில் பேசாமல் இருந்துவிடுவதும் தவறுதான். நீங்கள் நிற்கும் இடத்திலோ பந்து கிடக்கும் இடத்திலோ மழைநீர் தேங்கியிருந்தால் விதி 16.1 இலவச நிவாரணம், அதாவது தண்டனை இல்லாமல் பந்தை நகர்த்தும் உரிமை, தருகிறது. குழிக்கு அருகில் போகாமல், நீர் இல்லாத மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். விழுந்த வேகத்தில் பந்து தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்துவிட்டால் விதி 16.3 உதவும். பங்கர் எனும் மணல் பள்ளத்துக்குள் புதைந்த பந்துக்கு அது பொருந்தாது.

மூடுபனியில்

இடிக்கு அடுத்தபடி எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இதில் அடிபடுவது பெரும்பாலும் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவர். காபி பறிப்பவர்கள், விறகு எடுத்துப் போகிறவர்கள், மாடு மேய்க்கும் பிள்ளைகள் பனிக்குள் நடந்து வருவது தெரியாது. பந்து விழும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிக்கக் கூடாது. எங்கள் புல்சரிவில் இதற்கு விலக்கே கிடையாது. ஒருவர் முன்னால் போய் நின்று குரல் கொடுத்த பிறகு, அவர் ஒதுங்கிக்கொண்டார் என்று உறுதியான பிறகுதான் அடி. "ஃபோர்" என்று கத்துவது கோல்ஃப் தெரிந்தவருக்குத்தான் புரியும், அதனால் "பந்து வருது" என்றும் சேர்த்துக் கத்துவோம்.

பனியில் எல்லாமே உண்மையை விடத் தள்ளி இருப்பதுபோல் தெரியும். கண்ணை நம்பி அடித்தால் கிரீனைத் தாண்டிவிடும். லேசர் தூரமானியும் பனித் துளிகளில் பட்டுத் தவறான எண் காட்டும். காலடி எண்ணி வைத்த தூரமோ ஜிபிஎஸ்ஸோ நம்பகமானது. பந்தைத் தேட விதிப்படி மூன்று நிமிடம்தான், 2019க்கு முன் இருந்த ஐந்து நிமிடம் இப்போது இல்லை. எனவே சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தற்காலிகப் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர்ந்து ஆடும் பந்து) ஒன்றை அறிவித்து அடித்துவிடுங்கள். பந்து மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும்.

"காத்து ஈரமா, கனமா இருக்கு, பந்து போகாது" என்று பலர் சொல்வார்கள். நீராவி உலர்ந்த காற்றை விட இலேசானது, ஈரப்பதம் பந்தைத் தடுப்பதில்லை. தடுப்பது குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்தும் குறைவாகத்தான் துள்ளும். இன்னொரு பக்கம், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றே மெலிந்திருக்கும். சேலத்தில் 150 யார்டு போகும் அடி, அதே வெப்பநிலையில் இங்கே ஆறேழு யார்டு கூடுதலாகப் போகலாம். குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் முதல் சில அடிகளில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து அன்றைய கணக்கை வகுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கக் காரின் டிக்கியில் குளிர்ந்து கிடந்த பந்தோடு தொடங்காதீர்கள்.

காற்றில்

எதிர்க்காற்றில் ஓங்கி அடித்தால் பந்து கூடுதலாகச் சுழலும். கூடுதல் சுழற்சி பந்தை மேலே தூக்கும், மேலே போன பந்தைக் காற்று திருப்பி அனுப்பும். ஓங்கி அடித்தவருக்குத்தான் தூரம் அதிகமாகக் குறையும். மணிக்கு 16 கிலோமீட்டர் எதிர்க்காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தூரத்தைத் தின்றுவிடும், அதே வேகப் பின்காற்று தருவதோ அதில் பாதிதான். இந்தப் பாரபட்சத்தை மறந்துவிட்டு இரண்டு பக்கமும் ஒரே கணக்கு போடுவதுதான் வழக்கமான பிழை. வழக்கத்தை விட ஒன்றிரண்டு படி அதிக தூரம் போகும் மட்டையை எடுங்கள், கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடியுங்கள், பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள்.

வெயிலில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சேலத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் தண்ணீர், நடுநடுவே உப்புப் போட்ட நீர்மோர். கூட ஆடுபவர் பேச்சில் குழறினாலோ, யோசனை தடுமாறினாலோ ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள். மலை மேல் குளுகுளு என்று இருந்தாலும் வெயில் தோலைச் சுடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், ஆடி முடித்த களைப்பில் நனைந்த பையை அப்படியே டிக்கியில் போட்டு மூடிவிட்டு மலையிறங்குவதும் ஒரு தவறு. முதலில் இறங்குவதைப் பற்றி: பனி இருந்தால் கீழ் விளக்கைப் போட்டு, தாழ்ந்த கியரில், ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு இறங்குங்கள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் மட்டைகளை வெளியே எடுத்துத் துடைத்துச் சாய்த்து வையுங்கள், இரும்புக் காம்பில் துரு ஏறாது. ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து நிழலில் உலர்த்துங்கள், அடுப்புப் பக்கமோ நேர் வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும். குடையை இரவு முழுக்க விரித்து வையுங்கள்.