பழைய காரின் டிக்கிக்கு இரண்டாவது திறப்பு: எங்கே தவறு நடக்கிறது

பழைய காரைப் புதுப்பிக்கும்போது டிக்கியின் கைப்பிடியையும் சாவித் துளையையும் எடுத்துவிட்டு, ஓட்டையை அடைத்து, மேலே வழவழவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு சொலினாய்டு (கரண்ட் வந்தால் பூட்டை இழுத்து விடுவிக்கும் மின்காந்தம்), டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டன். பார்க்க அழகுதான். எஞ்சின் அறை நெரிசலில்லாமல் இருக்கட்டும் என்று சிலர் பேட்டரியையும் டிக்கிக்குள் மாற்றிவிடுகிறார்கள். பேட்டரி இறங்கிய அன்றுதான் சிக்கல் தெரியும்: டிக்கி திறக்க பேட்டரி வேண்டும், பேட்டரியைத் தொட டிக்கி திறந்தாக வேண்டும்.

அதனால்தான் இரண்டாவதாக ஒரு வழி வைக்கச் சொல்கிறோம். பலர் வைக்கிறார்கள், ஆனால் முதல் வழி எதை நம்பி நிற்கிறதோ அதையே நம்பித்தான் வைக்கிறார்கள். பட்டனுக்கு மாற்றாக ரிமோட் போடுவது இந்த ரகம். பேட்டரியும் அதே, ஃபியூஸும் அதே, சொலினாய்டும் அதே. அதை மாற்று வழி என்று சொல்ல முடியாது, இன்னொரு சுவிட்ச், அவ்வளவுதான்.

கையால் இழுத்துத் திறக்கும் கேபிள் போடுபவர்களும் இதில் மாட்டுகிறார்கள். சொலினாய்டு பிளஞ்சரின் (உள்ளே முன்னும் பின்னும் நகரும் தண்டு) முனையிலேயே கேபிளையும் கொக்கி போட்டு மாட்டிவிட்டால், பிளஞ்சர் துருப்பிடித்து இறுகும் நாளில் கேபிளும் சேர்ந்து இறுகும். கேபிளுக்கு லாட்சின் (மூடியைப் பிடித்திருக்கும் பூட்டு) லீவரில் தனி இடம் வேண்டும். கேபிளை இழுத்தால் பிளஞ்சர் அசையாமலே லாட்ச் விடுபட வேண்டும். சொலினாய்டு இழுத்தால் கேபிள் தொய்ய வேண்டும். லீவரில் வட்டத் துளைக்குப் பதில் நீள் துளை வெட்டினால் இரண்டும் நடக்கும். கேபிளில் கொஞ்சம் தொய்வும் விடுங்கள். விறைப்பாகக் கட்டினால் லாட்ச் பாதி விடுபட்ட நிலையிலேயே நிற்கும், மேடுபள்ளத்தில் டிக்கி தானாகத் திறக்கும்.

இந்த விஷயத்தில் பழைய போர்ஷே 911 நல்ல பாடம். அதற்கு டிக்கி முன்பக்கம். மூடியைத் திறப்பது டிரைவர் அருகிலிருந்து போகும் ஒரே ஒரு கேபிள். பேட்டரியும் அந்த மூடிக்குக் கீழேதான். கேபிள் அறுந்தால் சாவி, பட்டன் எதுவும் உதவாது. அதனால் லாட்சில் ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி, ஹார்ன் கிரில்லுக்குப் பின்னால் கொண்டுவந்து மறைத்து வைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய கேபிளைப் பிடித்திருக்கும் அதே ஸ்குரூவில் இந்தக் கம்பியையும் சேர்த்து முறுக்கினால் பயனில்லை. அந்த ஸ்குரூ கழன்றால் இரண்டும் போய்விடும். முன்மூடியில் இன்னொரு கொக்கியும் இருக்கிறது, விரலால் தள்ளி விடுவிப்பது. வேலை சுலபமாகட்டும் என்று கம்பியை அதோடும் இணைத்துவிடாதீர்கள். ஓடும்போது எதிலாவது கம்பி சிக்கினால் மூடி நேராகக் கண்ணாடியில் வந்து அடிக்கும்.

கேபிளே வேண்டாம், வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துத் திறக்கலாம் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. பம்பருக்குக் கீழே ஒரு டெர்மினல் வைத்து அதைக் காரின் மெயின் லைனில் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் அந்த டெர்மினல் எப்போதும் உயிரோடு இருக்கும். உலோகம் பட்டால் ஷார்ட். அதோடு, வெளியிலிருந்து கொண்டுவரும் சின்ன பேட்டரியின் கரண்டை உள்ளே செத்துக்கிடக்கும் பேட்டரி உறிஞ்சிவிடும், சொலினாய்டுக்கு மிஞ்சாது. ரிலேயிலிருந்து (பட்டனை அழுத்தினால் கரண்டை விடும் சுவிட்ச்) சொலினாய்டுக்குப் போகும் ஒயரில், அதாவது ரிலேயில் கரண்ட் வெளியே வரும் 87-ஆம் எண் முனைக்குப் பிறகு, ஃபியூஸ் வைத்து இணையுங்கள். அங்கே கொடுக்கும் கரண்ட் சொலினாய்டுக்கு மட்டும் போகும். பட்டனை அழுத்தாத நேரத்தில் டெர்மினலிலும் கரண்ட் இருக்காது. எர்த்தையும் மறக்க வேண்டாம். பெயிண்ட் அடித்த கீல் வழியாக எர்த் வரும் என்று நம்பாமல் தனி ஒயர் இழுங்கள்.

வாங்குவதற்கு முன் வோல்டேஜையும் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் 6 வோல்ட். 12 வோல்ட் கிட் அதில் முக்கும், திறக்காது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடிதான் பாசிட்டிவ், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வெறும் சொலினாய்டுக்கு அது ஒரு பொருட்டில்லை, ரிமோட் மாட்யூல் புகைந்துவிடும்.

கேபிள் போகும் பாதையில் கூர்மையான வளைவு கூடாது, சைலன்சர் பக்கம் போகக்கூடாது, கீல் ஸ்பிரிங் நசுக்கும் இடமும் கூடாது. ஒரிஜினல் தகட்டில் புதிதாகத் துளை போடுவதற்கு முன், நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் வரும் துளையையும் தரையில் இருக்கும் ரப்பர் அடைப்புகளையும் பாருங்கள். பெரும்பாலும் வழி கிடைக்கும், காரின் மதிப்பும் குறையாது. கேபிள் முனையை பம்பருக்குப் பின்னால் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டால் திருடனும் அதைத்தான் முதலில் தேடுவான். ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் மட்டும் கிடைக்கிற இடம் நல்லது. சக்கரத்தைக் கழற்ற வேண்டிய இடம் வேண்டாம், ஜாக்கி டிக்கிக்குள் இருக்கிறது.

டிக்கிக்குள்ளிருந்து திறப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 1998 கோடையில் அமெரிக்காவில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் கார் டிக்கிகளுக்குள் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் 2001 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்களின் டிக்கிக்குள் திறப்பு கட்டாயமானது. பழைய கார்களுக்கு அந்த விதி இல்லை. எப்படியும் கேபிள் போடுகிறீர்கள், ஒரு கிளையை உள்ளே விடுங்கள். இருட்டில் ஒளிரும் கைப்பிடி என்று வாங்கினாலும், வெளிச்சமே படாத டிக்கியில் அது மங்கித்தான் கிடக்கும். அதனால் தடவினாலே கைக்குத் தட்டுப்படுகிற பெரிய கைப்பிடியாக வையுங்கள். திருகவோ அழுத்தவோ தேவையில்லாமல், ஒரு சிறு குழந்தை இழுத்தாலே விடுபட வேண்டும்.

சோதனையைத் திறந்த டிக்கியில் செய்து திருப்திப்படுபவர்கள் அதிகம். மூடி அழுத்தும்போது ரப்பர் பீடிங் லாட்சை மேலே தள்ளும்; அப்போது இழுக்க வேண்டிய விசையே வேறு. பின் சீட்டின் முதுகைக் கழற்றி உள்ளே நுழைய வழி வைத்துக்கொண்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, டிக்கியை அழுத்தி மூடிப் பாருங்கள். அது திறந்தால், ஒரு பின் சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி இன்னொரு முறை. பழைய பாடி சற்று முறுக்கிக்கொள்ளும். சமதரையில் லேசாக வந்த கேபிள் அங்கே வராமல் போகலாம்.