நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி

"படம் எப்படி?" என்று கேட்பவருக்கு இரண்டு பதில் வேண்டும். போகலாமா, வேண்டாமா? ஏன்? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவதுக்கு வரும்போது "செகண்ட் ஹாஃப் லேக்", "பிஜிஎம் மிரட்டல்", "ஒன் டைம் வாட்ச்" என்று கைக்கு வந்ததைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறோம். போரடித்தது என்றால் போரடித்ததுதான், அதை யாரும் மறுக்க முடியாது. எதனால் போரடித்தது என்று நாம் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரியாகப் பிடிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இருநூறு வார்த்தைக்குள் முடியும் கருத்துக்கு இது போதும். முழு விமர்சனத்துக்கு வேறு உழைப்பு வேண்டும்.

உட்காரும் முன்

எங்கே பார்த்தீர்கள், மூல மொழியிலா டப்பிங்கிலா, வெளியாகி எத்தனையாவது நாள், எத்தனை நிமிடம் ஓடியது என்ற நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. வெளியான பிறகு படத்தை வெட்டிக் குறைப்பது நம் ஊரில் சகஜம். முதல் நாள் பார்த்தவர் திட்டித் தீர்த்த பத்து நிமிடம், நாலாம் நாள் போனவருக்குத் திரையிலேயே இருக்காது. பிறகு இருவரும் கமெண்டில் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். படம் தொடங்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிமிடம் போட்டிருக்கும். கூடவே வயதுப் பிரிவையும் பார்த்துவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து யு/ஏ (குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டியது) என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குழந்தையோடு போக நினைப்பவருக்கு உங்கள் நட்சத்திர மதிப்பெண்ணைவிட இந்த எண்தான் முக்கியம்.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். சினிமா வழக்கமாக நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). புது டிவிகள் நடுவில் தாங்களாகவே சட்டகங்களை உருவாக்கிச் சொருகி அசைவை வழவழப்பாக்கும். கோடிக்கணக்கில் செலவழித்த படமும் மெகா சீரியல் மாதிரித் தெரிவது இதனால்தான். செட்டிங்ஸில் 'மோஷன்' என்ற சொல்லோடு வரும் அம்சத்தை அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' மோடு இருந்தால் அதற்கு மாறுங்கள், 'விவிட்' வேண்டாம். வசனம் கிசுகிசுப்பாகவும் பாட்டு காது கிழியவும் வந்தால் இசையமைப்பாளர் மேல் பாயாதீர்கள். 5.1 ஒலிக்கலவையில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்த ஒலியில், வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று வைக்கப்படுகிறது. டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆடியோ தேர்வில் ஸ்டீரியோ இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

தியேட்டரிலும் இதே எச்சரிக்கை தேவை. டிஜிட்டல் திரையிடலில் வெள்ளை நிறம் திரையில் 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தர வேண்டும் என்பது தர அளவு. புரொஜக்டர் விளக்குக்கு வயதாகிவிட்டால் அது கிடைக்காது. 3டி கண்ணாடி மாட்டினால் இன்னும் மங்கும். "ஒளிப்பதிவு ஒரே இருட்டு" என்று எழுதும் முன், படத்துக்கு முன் ஓடிய விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். சோப்பு விளம்பரத்தின் வெள்ளைச் சட்டையும் அழுக்காகத் தெரிந்திருந்தால் குறை தியேட்டரில். வசனம் புரியவில்லை என்றாலும் இதே சோதனைதான். டிரெய்லர்களிலும் புரியவில்லையா, இந்தப் படத்தில் மட்டுமா?

பார்க்கும்போது

போன் பையிலேயே இருக்கட்டும். டைட்டில் கார்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டப்படி திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சிறைத் தண்டனை 3 ஆண்டு வரை போகலாம்.

இருட்டில் குறிப்பெடுக்கத் தேவையில்லை, விரல் கணக்குப் போதும். எங்கே தன்னையறியாமல் சிரித்தீர்கள், எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே கை தானாகப் போனைத் தேடியது, எங்கே "இவர் யாரு?" என்று பக்கத்து சீட்டில் கேட்டீர்கள். ஐந்து இடம் கிடைத்தால் எழுதப் போதுமான சரக்கு கிடைத்துவிட்டது.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: இப்போது எனக்கு எது தெரிய வேண்டும் என்று ஒரு வரியில் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். தமிழ்ப் படத்தில் இடைவேளை என்பது டீ குடிக்கும் நேரம் மட்டுமில்லை, திரைக்கதையின் தூண். அங்கே ஒரு கேள்வியைத் தொங்கவிட்டுத்தான் விளக்கைப் போடுவார்கள். படம் முடிந்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். "இரண்டாம் பாதி சொதப்பல்" என்ற புகாரில் பெரும்பகுதி உண்மையில் இதுதான். அண்ணன் ஏன் ஊரைவிட்டு ஓடினான் என்று கேட்க வைத்துவிட்டு, பின்பாதி முழுக்க தம்பியின் காதலை ஓட்டியிருப்பார்கள். ஹாலிவுட் படத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதில் இடைவேளையே எழுதப்பட்டிருக்காது, தியேட்டர்காரர் தனக்குத் தோதான இடத்தில் நிறுத்துவார்.

'லேக்' என்ற நோய்க்குப் பல பெயர்

காய்ச்சல் என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறி. 'லேக்' என்பதும் அப்படித்தான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தால் உங்கள் கருத்தில் பாதி எழுதி முடிந்தது.

அடிக்கடி வருவது, சொன்னதையே சொல்வது. ஒரு கொலையை நாம் கண்ணால் பார்க்கிறோம். அடுத்த காட்சியில் ஒருவர் அதை இன்ஸ்பெக்டரிடம் முழுதாக விவரிக்கிறார். அதற்கடுத்து கருப்பு வெள்ளையில் அதையே மறுபடி காட்டுகிறார்கள். மூன்று காட்சி ஓடியும் நமக்குக் கிடைத்தது ஒரே தகவல்.

அடுத்தது, முடிந்த காட்சியை முடிக்காமல் இழுப்பது. மகள் வீட்டை விட்டுப் போகிறாள், கதவு மூடுகிறது. காட்சி அங்கே முடிந்துவிட்டது. ஆனால் அப்பா முகம், அம்மா முகம், பாட்டி முகம், சுவரில் மாட்டிய போட்டோ, மறுபடி அப்பா முகம். எடிட்டர்மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் வெட்டாதே என்று சொன்னது யார் என்பது வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. எனவே ஆளைச் சொல்லாமல் காட்சியைச் சொல்லுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கதாநாயகனுக்கு முன்னால் நாம் போய்விடுவது. கூடவே சுற்றும் நண்பன்தான் துரோகி என்று இருபதாவது நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாயகனுக்குத் தெரிய நூறு நிமிடம் ஆகிறது. நமக்கு முன்பே தெரிவது எப்போதும் குறையில்லை. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாவிட்டால் நகம் கடித்துக்கொண்டு பார்ப்போம். அங்கே ஆபத்து இருக்கிறது. ஆபத்து இல்லாதபோது அது வெறும் காத்திருப்பு.

சண்டைக்காட்சி நீளம் என்று தோன்றினாலும் பெரும்பாலும் நீளம் காரணமில்லை. ஐந்தாவது சண்டையில் கொட்டாவி வருகிறதென்றால், முந்தைய நாலு சண்டையிலும் நாயகனின் சட்டைப் பொத்தான்கூட அறுந்திருக்காது. தோற்கவே முடியாதவர் ஜெயிப்பதை எத்தனை நேரம் பார்ப்பது?

பிறகு பாட்டு. பாட்டு என்றாலே வேகத்தடை என்று எழுதுவது பழகிப்போன சோம்பேறித்தனம். பாட்டே இல்லாமல் 1954-லேயே 'அந்த நாள்' வந்தது, 2019-ல் 'கைதி' வந்தது. அதற்காகப் பாட்டோடு வந்த படங்கள் எல்லாம் நொண்டியடிக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். பாட்டு தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது மாறியிருக்கிறதா? நாலு நிமிடத்தில் பகை உறவாகிவிட்டால் அந்தப் பாட்டு இரண்டு மூன்று காட்சியை மிச்சப்படுத்தியிருக்கிறது. துரத்தல் நடுவே நாயகியோடு வெளிநாட்டுக்குப் போய் வந்தால் திட்டுங்கள், தப்பில்லை.

கடைசியாக ஒன்று உண்டு, அது நோயே இல்லை. வேண்டுமென்றே மெதுவாக எடுத்த படம். 'கொட்டுக்காளி' (2024) படத்தில் பின்னணி இசை கிடையாது, ஷாட்டுகள் நீளமானவை. அதைப் பற்றி "லேக்" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. "பின்னணி இசை இல்லை, பயணம் மெதுவாகப் போகும், எனக்குப் பொறுமை போய்விட்டது" என்று எழுதினால் ஒருவர் தப்பித்துக்கொள்வார், இன்னொருவர் டிக்கெட் எடுப்பார். இருவருக்கும் உதவியிருக்கிறீர்கள்.

பாராட்டையும் திட்டையும் சரியான முகவரிக்கு அனுப்புவது

மலையும் அருவியும் அழகாக இருப்பது ஒளிப்பதிவின் சாதனை இல்லை. ஒரு சின்ன அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். படபடவென்று வெட்டினால் நல்ல எடிட்டிங் என்பதும் தப்பு. சண்டையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கடைசிவரை குழப்பமில்லாமல் தெரிந்தால் அதுதான் நல்ல எடிட்டிங். பின்னணி இசைக்கு ஒரு எளிய சோதனை: இசை எங்கே நின்றது என்று ஒரு இடமாவது ஞாபகம் இருக்கிறதா? ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எதையும் அழுத்திச் சொல்ல முடியாது.

நடிப்பைப் பற்றி "வாழ்ந்திருக்கிறார்" என்ற சொல்லுக்குத் தடை போட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது எல்லோரும் ஓரளவு நடித்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது நீங்கள் பாராட்ட நினைக்கும் நடிகர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "அந்தக் குரல் நடுங்கியது பாருங்க" என்று நாயகியைப் பாராட்டும் முன் அது அவர் குரலா என்று டைட்டிலில் பாருங்கள். நம் படங்களில் பல நாயகிகளுக்கு டப்பிங் கலைஞர்தான் குரல்.

லாஜிக் புகாரில் ஒரு வித்தியாசம் உண்டு. மாஸ் படத்தில் நாயகன் இருபது பேரை அடிப்பது ஓட்டையில்லை, அந்த உலகத்தின் விதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் இதய நோயாளி என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, முடிவில் அவரே இருபது பேரை அடித்தால் அது ஓட்டை. படம் தானே போட்ட விதியை மீறினால் மட்டும் பிடியுங்கள்.

எழுதுவது

பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஐந்து இடங்களையும் போனில் கிறுக்கி வையுங்கள். அதுவரை மற்றவர் கருத்தைப் படிக்கக் கூடாது, படித்தால் அவர்களுடைய வார்த்தைதான் உங்கள் விரலில் வரும். பதிவிடுவதை மறுநாள் காலைக்கு வையுங்கள். முதல் நாள் முதல் காட்சியின் விசில் காதில் ஓயக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லுங்கள், யாருக்கு என்பதோடு. கதைக்கு இரண்டு வாக்கியம், அதுவும் முதல் 20 நிமிடத்துக்குள் நடப்பது மட்டும். பிறகு உங்களை உலுக்கிய ஒன்று, உறுத்திய ஒன்று, இரண்டுக்கும் காட்சி உதாரணம். கடைசியில் வன்முறை, நீளம், குழந்தைகளோடு பார்க்கலாமா என்ற நடைமுறைத் தகவல். எழுதியதைத் திரும்பப் படித்து, காட்சியோடு ஒட்டாத அடைமொழிகளை எல்லாம் அடித்துவிடுங்கள்.

ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி வரும்: "ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ. செகண்ட் ஹாஃப் லேக். ஹீரோ மிரட்டல். பிஜிஎம் வேற லெவல். ஒன் டைம் வாட்ச்."

அதே ஆள், அதே அபிப்பிராயம், இப்படியும் எழுதலாம்: "கோர்ட் காட்சிகள் பிடிக்குமென்றால் போகலாம், த்ரில்லர் எதிர்பார்த்தால் வேண்டாம். பொய் வழக்கில் சிக்கிய தம்பிக்காக வக்கீல் படிப்பைப் பாதியில் விட்ட அக்கா வாதாட வருகிறாள். முதல் குறுக்கு விசாரணையில் சாட்சி தண்ணீர் கேட்கும் அந்த இடைவெளியில் தியேட்டரே அமைதியானது. இடைவேளைக்குப் பிறகு அதே சாட்சியத்தை மூன்று பேர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இருபது நிமிடம் எனக்கு நகரவே இல்லை. ரத்தம் இல்லை, வீட்டோடு பார்க்கலாம். 141 நிமிடம்."

ரகசியம் காப்பது பற்றி ஒரு வார்த்தை. "செம ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதே பாதியைச் சொன்னதற்குச் சமம். படிப்பவர் முதல் காட்சியிலிருந்து எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "கடைசி 10 நிமிடத்தைத் தவற விடாதீங்க" என்பதும், கௌரவ வேடத்தில் வந்தவர் பெயரைச் சொல்வதும் அந்த ரகம்தான். முடிவைப் பேசியே ஆக வேண்டுமென்றால் தனிப் பதிவாகப் போடுங்கள்.

மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம். ஆனந்த விகடன் நட்சத்திரத்துக்குப் பதிலாக நூற்றுக்கு மார்க் போட்டு வந்தது. '16 வயதினிலே' (1977) வாங்கியது 62.5. பள்ளிக்கூடக் கணக்கில் அது சாதாரண மார்க், விகடன் கணக்கில் பெரிய கௌரவம். மதிப்பெண் போட்டவர் மற்ற படங்களுக்கு என்ன போட்டார் என்று தெரியாமல் 3.5 நட்சத்திரத்துக்கு ஒரு பொருளும் இல்லை. போடுவதென்றால் ஒரே அளவுகோலில் தொடர்ந்து போடுங்கள்.

வசூல் கணக்கு உங்கள் வேலையில்லை, விட்டுவிடுங்கள். நடிகரின் உடம்பு, வயது, சாதி பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஓடிடியில் இரண்டாம் முறை பார்த்து மனம் மாறினால் பழையதை அழிக்காதீர்கள். கீழே தேதி போட்டு, எந்தக் காட்சியால் மாறியது என்று ஒரு வரி சேருங்கள்.