இரண்டடித் தொட்டியிலிருந்து மூன்றடித் தொட்டிக்கு: மீன்களை இழக்காமல் மாற்றும் முறை

போன மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் நாலு ஏஞ்சல் மீன், ஆறு கோரி (தொட்டியின் அடியில் மேயும் சிறு கெளுத்தி), பத்தையும் மூன்றடித் தொட்டிக்கு மாற்றினேன். எல்லாம் நன்றாக இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடிக்கு மாற்றியபோது ஐந்து நாளில் ஏழு மீன் செத்துப்போனது. என் மகள் ஒவ்வொன்றையும் துளசித் தொட்டியில் புதைத்தாள். அது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொட்டி வாங்குவது, கழுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். எடையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1.5 அடி உயரம் என்றால் சுமார் 127 லிட்டர். தண்ணீரே 127 கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி. இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. தண்ணீர் நிரப்பிய பிறகு ஒரு அங்குலம்கூட நகர்த்தாதீர்கள்.

இனி ஃபில்டர். என் ஏழு மீனும் போனது இதனால்தான். அன்றைக்குப் புதுத் தொட்டிக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கப் பிழிந்தேன். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. அது தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டியிருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டதும் செத்துவிடும். போதாததற்கு நான் ஊற்றியது போர் தண்ணீர், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8, அதாவது காரம். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டேன்.

அதனால் இந்த முறை ஒரு மாதம் முன்பே புது ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பழைய தொட்டியிலேயே ஓடவிட்டேன். மாற்றும் நாளில் பழையதும் புதியதும் இரண்டுமே பெரிய தொட்டிக்குப் போயின. ஸ்பாஞ்சை அலச வேண்டுமென்றால் பழைய தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் எடுத்து, அதில் இரண்டு தடவை அமுக்கினால் போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஃபில்டர்களைவிட எனக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச்தான் பிடிக்கும். கரண்ட் போனால் பேட்டரி பம்பில் மாட்டிவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூரில் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் சம்பில் காவிரி ஒருநாள், போர் ஒருநாள். காவிரி மென்மை, போர் கடினம். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தொட்டியில் பாதி பழைய தண்ணீர் ஊற்றினேன், பாக்டீரியாவுக்காக அல்ல, மீனுக்கு மாற்றம் குறையட்டும் என்று. மீதிப் பாதி காவிரி, ஆன்டி குளோரின் சொட்டுகள் விட்டது.

மாற்றும் நாளுக்கு முந்தின நாள் தீனி வேண்டாம். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு எடுங்கள். சூட்டோடு காற்றில் வந்தால் கண்ணாடி வெடிக்கும். செடி, கல் எல்லாம் எடுத்து, நாலு அங்குலத் தண்ணீர் நிற்கும்வரை இறைத்துவிட்டுப் பிறகுதான் பிடிக்க வேண்டும். கோரிக்குத் துடுப்பில் முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். நான் தயிர் டப்பாவால்தான் மொண்டேன்.

பிடித்த மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு டப்பில் விட்டு, புதுத் தொட்டியிலிருந்து ஏர் டியூபைத் தொங்கவிட்டு, அதில் ஒரு முடிச்சு போடுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. டப்பில் தண்ணீர் இரண்டு மடங்காகும்வரை விடுங்கள், அவசரமே வேண்டாம். பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்று முழுக்க விளக்கு போடாதீர்கள், தீனியும் போடாதீர்கள். அடுத்த ஒரு வாரம் பாதித் தீனி. இரண்டு வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் சோதியுங்கள். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

சேர்த்தது: ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், ஸ்பாஞ்சை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததாகவும் மாலையில் நாறியதாகவும் எழுதியிருந்தார். பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பழைய தண்ணீர் உள்ள பக்கெட்டில் போட்டு, ஏர் ஸ்டோனை (ஏர் பம்பில் மாட்டும் குமிழிக் கல்) ஓடவிடுங்கள்.

இன்னொன்று: நைட்ரைட் ஏறினால் உப்பு போடலாமா என்று கேட்டிருந்தார்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் போகாமல் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோரி உப்பை அதிகம் தாங்காது. என் தொட்டியில் நான் போடவில்லை, தண்ணீர் மாற்றியே சமாளித்தேன்.